எந்த ஊர் அரபு? பேசக் கற்பவருக்கு வாக்கிய அமைப்பு வழியே ஓர் ஒப்பீடு

அரபு பேசக் கற்க விரும்பும் தமிழர்களில் இரு வகையினர் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். மதரஸாவில் நஹ்வு, ஸர்ஃபு என்னும் அரபு இலக்கணப் பாடங்களை ஓதி, எந்த வசனத்தைக் கொடுத்தாலும் முப்ததா (எழுவாய்) எது, கபர் (பயனிலை) எது என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தும், ஜித்தாவில் இறங்கியவுடன் டாக்ஸிக்காரர் கேட்பது விளங்காமல் விழிப்பவர்கள் ஒரு வகை. வளைகுடாவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தும் ‘மாஃபி மாலூம்’ (தெரியாது), ‘கல்லி வல்லி’ (விட்டுத் தள்ளு) என்ற அளவிலேயே நின்றுவிட்டவர்கள் மற்றொரு வகை. எகிப்து அரபா, சிரியா, லெபனான் பக்கத்து ஷாம் அரபா, வளைகுடா அரபா, அல்லது எழுத்து மொழியாகிய ஃபுஸ்ஹாவே போதுமா என்பது இருவருக்கும் பொதுவான தடுமாற்றம்.

இக்கேள்விக்கு வழக்கமாகக் கிடைக்கும் விடை, எந்த வழக்கை அதிகம் பேர் பேசுகிறார்கள் என்பதைப் பொறுத்தோ, எது காதுக்கு இனிமையாக இருக்கிறது என்பதைப் பொறுத்தோ அமைகிறது. வாக்கியம் கட்டப்படும் முறையையே முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. ‘வேண்டும்’ என்பதற்கு ஓர் ஊரில் ஒரு சொல்லும் மற்றோர் ஊரில் வேறு சொல்லும் இருந்தால், ஒரு வாரத்தில் பழகிக்கொள்ளலாம். ஆனால் ‘இல்லை’ என்பதை வினையின் முன்னே மட்டும் வைப்பதா, முன்னும் பின்னும் வைப்பதா, வினாச்சொல்லை எங்கே நிறுத்துவது, காலத்தை எந்த முன்னொட்டால் காட்டுவது ஆகியவை நாக்கில் ஒருமுறை படிந்துவிட்டால் எளிதில் கழலுவதில்லை.

எழுத்து மொழியும் பேச்சு மொழியும் விலகி நிற்பது தமிழருக்குப் புதிதன்று. 1959-இல் மொழியியலார் சார்லஸ் ஃபெர்குசன் இரட்டை வழக்கு பற்றிய தம் கட்டுரையில் முதன்மையான எடுத்துக்காட்டுகளுள் ஒன்றாகக் கொண்டது அரபு மொழியையே. ஆயினும் நெல்லைப் பேச்சுக்கும் கோவைப் பேச்சுக்கும் உள்ள தொலைவை வைத்து மொராக்கோ பேச்சுக்கும் குவைத் பேச்சுக்கும் உள்ள தொலைவை அளக்கப் புகுந்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

## எதை வைத்து எடை போடுவது

நான்கு அளவைகளைக் கொள்கிறேன். முதலாவது, அந்த வழக்கின் வாக்கியம் தமிழுக்கும், ஃபுஸ்ஹா கற்றவராயின் அதற்கும், எவ்வளவு நெருக்கமானது என்பது. இரண்டாவது, நீங்கள் யாரிடம் பேசப் போகிறீர்கள் என்பது. மூன்றாவது, கேட்டுப் பழகுவதற்கான பேச்சு எவ்வளவு கிடைக்கிறது என்பது. நான்காவதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை: பிறகு வேறு வழக்குக்கு மாற நேர்ந்தால், கற்றதில் எவ்வளவு மறக்க வேண்டியிருக்கும் என்பதே அது.

வேறுபாடுகளுக்கு முன் பொதுவானவற்றைச் சொல்லிவிடுவது நல்லது. எல்லா ஊர்ப் பேச்சிலும் இஃராப் எனப்படும் வேற்றுமை ஈறுகள் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டன. நிகழ்காலப் பெயர்ப் பயனிலை வாக்கியத்தில், தமிழில் ‘அவர் ஆசிரியர்’ என்று நிறுத்துவதைப் போலவே, இடையில் எந்த வினையும் தேவையில்லை. ஆண்பாலில் அல்லதீ, பெண்பாலில் அல்லத்தீ, பன்மையில் அல்லதீன என்று பால், எண் பார்த்து மாறிய இணைப்புச் சொல் பேச்சில் ‘இல்லி’ என்ற ஒரே வடிவமாகச் சுருங்கிவிட்டது. மொராக்கோவில் அது ‘ல்லி’. ஃபுஸ்ஹாவில் வினை முதலில் வந்தால் எழுவாய் பன்மையானாலும் வினை ஒருமையிலேயே நிற்கும். பேச்சிலோ, வினை முன்னால் வந்தாலும் பின்னால் வந்தாலும் பன்மையே. ‘பிள்ளைகள் வந்தார்கள்’ என்பதை ஃபுஸ்ஹா ‘ஜாஅ அல்அவ்லாது’ என்று சொல்ல, டமாஸ்கஸ்காரர் ‘இஜூ ல்வ்லாத்’ என்பார். மதரஸா மாணவர் முதலில் கைவிட வேண்டிய விதி இதுதான்.

வினை இறுதியில் வரும் அரபு ஏதேனும் உண்டா என்று தமிழர் கேட்பது இயல்பு. உண்டு, ஆனால் பயன்படாது. உஸ்பெகிஸ்தானில் புகாரா பகுதிச் சிற்றூர்கள் சிலவற்றில் பேசப்படும் அரபு, தாஜிக், உஸ்பெக் மொழிகளோடு கலந்து வாழ்ந்ததன் விளைவாக, எழுவாய், செயப்படுபொருள், வினை என்ற நம் வரிசைக்கு வந்துவிட்டது. அதைப் பேசுவோர் மிகச் சிலரே.

## ஒரே கருத்து, நான்கு ஊர்கள்

தமிழ் எழுத்தில் அரபு ஒலிகள் முழுமையாக வாரா. பின்வரும் அட்டவணையில் ஒலியைக் காட்டிலும் சொற்கள் நிற்கும் இடத்தையும், முன்னொட்டு பின்னொட்டுகளையும் கவனிக்க வேண்டுகிறேன்.

| கருத்து | எகிப்து (கெய்ரோ) | ஷாம் (டமாஸ்கஸ்) | வளைகுடா | மொராக்கோ |
|---|---|---|---|---|
| உன் பெயர் என்ன? | இஸ்மக் ஏ? | ஷூ இஸ்மக்? | ஷிஸ்மக்? | ஷ்னு ஸ்மீதெக்? |
| எங்கே போகிறாய்? | ராயிஹ் ஃபேன்? | வேன் ராயிஹ்? | வேன் ராயிஹ்? | ஃபீன் காதி? |
| எழுதுகிறேன் | பக்திப் | அம் பிக்துப் | காஇத் அக்திப் | கநெக்தெப் |
| எழுதுவேன் | ஹக்திப் | ரஹ் இக்துப் | பக்திப் | காதி நெக்தெப் |
| எழுதவில்லை (நான்) | மாகதப்திஷ் | மா கதப்த் | மா கதப்த் | மாக்தெப்த்ஷ் |
| நான் ஆசிரியர் அல்ல | அனா மிஷ் முதர்ரிஸ் | அனா மூ உஸ்தாஸ் | அனா மூ முதர்ரிஸ் | அனா மாஷி உஸ்தாத் |
| இந்த வீடு | இல்பேத் த | ஹல்பேத் | ஹல்பேத் | ஹாத் த்தார் |
| போக வேண்டும் (எனக்கு) | ஆயிஸ் அரூஹ் | பித்தி ரூஹ் | அபி அரூஹ் | ப்கீத் நெம்ஷி |

மூன்றாம் வரியையும் நான்காம் வரியையும் ஒருசேரப் பாருங்கள். ‘பக்திப்’ என்ற ஒரே வடிவம் கெய்ரோவில் ‘எழுதுகிறேன்’. துபாயிலும் குவைத்திலும் ‘எழுதுவேன்’. இதைப் பற்றிப் பின்னர் விரிவாகப் பேசுவேன்.

## ஃபுஸ்ஹா மட்டும்

செய்தி, அரசு அறிவிப்பு, வேலை ஒப்பந்தம், மேடைச் சொற்பொழிவு ஆகியவை எல்லா அரபு நாடுகளிலும் ஃபுஸ்ஹாவிலேயே இருப்பதால், படிக்கவும் எழுதவும் இதற்கு மாற்று இல்லை. மதரஸாவில் கற்றவருக்குப் பாதி வழி ஏற்கெனவே கடந்தாயிற்று.

பேசும்போதுதான் சிக்கல். மறுப்பதற்கு மட்டும் இறந்த காலத்துக்கு ‘லம்’, எதிர்காலத்துக்கு ‘லன்’, நிகழ்காலத்துக்கு ‘லா’, பெயர்ப் பயனிலைக்கு ‘லைஸ’ என்று தனித்தனிச் சொற்கள் உள்ளன. அவற்றுள் ‘லம்’, ‘லன்’ இரண்டும் பின்வரும் வினையின் ஈற்றையும் மாற்றிவிடும். இதையெல்லாம் சரியாகச் சொல்லி முடிப்பதற்குள் கடைக்காரர் அடுத்த வாடிக்கையாளரிடம் போய்விடுவார். நீங்கள் சொல்வது அவருக்கு விளங்கும். அவர் திருப்பிச் சொல்வது உங்களுக்கு விளங்காது என்பதே இதன் மறைவான செலவு. காய்கறிக் கடையில் நின்று செந்தமிழில் ‘ஐயா, இக்கத்தரிக்காயின் விலை யாது?’ என்று ஒருவர் கேட்டால் நமக்கு எப்படியிருக்குமோ, அவருக்கும் அப்படித்தான் இருக்கும்.

மொழிபெயர்ப்பு, மார்க்கக் கல்வி, தூதரகப் பணி ஆகியவற்றை நாடுவோர் ஃபுஸ்ஹாவிலிருந்து தொடங்குவதே முறை. ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது.

## எகிப்து அரபு

தமிழர் காதுக்கு எகிப்திய வினா வாக்கியம் வியப்பளிக்கும் அளவுக்கு நெருங்கி வருகிறது. பிற ஊர்களில் வினாச்சொல் பாய்ந்து முன்னே வந்து நிற்க, கெய்ரோவில் மட்டும் அது விடை எந்த இடத்தில் வருமோ அந்த இடத்திலேயே நிற்கிறது. ‘இஸ்மக் ஏ’ என்பது சொல்லுக்குச் சொல் ‘உன் பெயர் என்ன’ என்பதே. ‘த பிகாம்’ என்றால் ‘இது எவ்வளவுக்கு’. நம் நினைவில் வாக்கியம் எந்த ஒழுங்கில் எழுகிறதோ அந்த ஒழுங்கிலேயே கேட்டுவிடலாம்.

மறுப்பில் நிலைமை வேறு. வினைக்கு முன்னே ‘மா’, பின்னே ‘ஷ்’ என்று இரு பக்கமும் அணைகட்ட வேண்டும். பெயருக்கும் எதிர்கால வினைக்கும் ‘மிஷ்’ தனியாக முன்னே வரும். இருப்பினும் எழுத்துத் தமிழில் ‘இல்லை’, ‘அல்ல’ என்ற வேறுபாட்டைக் காப்பவருக்கு இந்தப் பிரிவின் அடிப்படை எளிதில் பிடிபடும். பேச்சில் நாம் இரண்டையும் ‘இல்ல’ என்று கலந்துவிட்டதால் சிறிது நினைவூட்டல் தேவைப்படலாம்.

சுட்டுச்சொல் பெயருக்குப் பின்னால் வருவது நமக்குத் தலைகீழ்: ‘இல்பேத் த’ என்பது ‘வீடு இந்த’ என்ற வரிசை. அது ஆண்பாலில் ‘த’, பெண்பாலில் ‘தி’, பன்மையில் ‘தோல்’ என மாறவும் செய்யும். உடைமையைக் காட்டும் ‘பிதாஅ’ என்ற சொல்லும் அவ்வாறே பாலும் எண்ணும் பார்க்கும்.

கேட்டுப் பழகுவதற்கான பொருளில் எகிப்துக்கு நிகரில்லை. பேசும் படங்கள் வந்த காலம் தொட்டுக் கெய்ரோவின் திரைப்படமும், உம்மு குல்தூமின் பாடல்களும், 1953-இல் தொடங்கிய ‘ஸவ்துல் அரப்’ வானொலியும் அந்தப் பேச்சை அரபுலகம் முழுவதும் பரப்பின. 2020-இல் மக்கள்தொகை 10 கோடியைத் தாண்டிய நாடு அது. எங்கு போனாலும் ஓர் எகிப்திய ஆசிரியரோ கணக்கரோ மருத்துவரோ எதிர்ப்படுவார். எந்த ஊருக்குப் போகப் போகிறோம் என்று இன்னும் முடிவாகாதவருக்கு நான் சொல்வது இதைத்தான்.

## ஷாம் அரபு

சிரியா, லெபனான், ஜோர்டான், பாலஸ்தீன் ஆகியவற்றின் நகரப் பேச்சு ஒன்றுக்கொன்று மிக அருகில் இருப்பதால் அவற்றை ஒரு தொகுதியாகவே கொள்கிறேன். அமைப்பில் இது எளிது. வினையை மறுக்க முன்னே ஒரு ‘மா’ போதும். ‘ஹல்’ என்ற சுட்டு எதற்கும் மாறாமல் பெயருக்கு முன்னே வரும். நம் ‘இந்த’ போலவே. ‘வேண்டும்’ என்பதற்கு வினையே இல்லை: ‘பித்தி’, ‘பித்தக்’, ‘பித்தோ’ என்று ஒரு பெயர்ச்சொல்லின் மேல் என், உன், அவன் என்னும் ஒட்டுகள் ஏறுகின்றன. ‘எனக்கு வேண்டும், உனக்கு வேண்டும்’ என்று வினையை அசைக்காமல் ஆளை மட்டும் மாற்றும் தமிழருக்கு இதைவிட இயல்பான ஏற்பாடு வேறு கிடைக்காது.

இங்கே ஒரு நுட்பத்தையும் சொல்ல வேண்டும். ‘பெண் பார்த்தேன்’ என்பதற்கும் ‘பெண்ணைப் பார்த்தேன்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு நமக்குத் தெரியும். குறிப்பிட்ட ஒருவர் என்றால் ‘ஐ’ வந்தாக வேண்டும். ஷாம் அரபிலும் இதற்கு ஒப்பான ஒரு பழக்கம் உண்டு. கேட்பவருக்குத் தெரிந்த, குறிப்பிட்ட ஆளாக இருந்தால் ‘ஷிஃப்தோ ல அஹ்மத்’, அதாவது ‘அவனைப் பார்த்தேன், அஹ்மதை’ என்று வினையில் ஒரு ஒட்டும் பெயருக்கு முன் ஒரு ‘ல’வும் சேர்ப்பார்கள். அரபு வருமுன் அங்கே வழங்கிய அரமேயத்தின் சாயல் இது என்று மொழியியலார் பலர் கருதுகின்றனர். கட்டாயம் அன்று; ஆனால் வீட்டுப் பேச்சில் அடிக்கடி காதில் விழும்.

மறைவான செலவு இரண்டு. ஒன்று, உட்பிரிவுகள்: பாலஸ்தீனத்தில் எகிப்தைப் போல ‘ஷ்’ ஈறு உண்டு, சில வேளை முன்னிருக்கும் ‘மா’வையே விட்டுவிட்டு ‘பித்தீஷ்’ (வேண்டாம்) என்பார்கள்; டமாஸ்கஸில் ‘மூ’ என்பது பெய்ரூத்தில் ‘மிஷ்’. மற்றொன்று, ‘அம்’, ‘ப’ என்ற இரு நிகழ்கால அடையாளங்களில் எது எப்போது வரும் என்பது. நடந்துகொண்டிருக்கும் செயலுக்கு ‘அம்’, வழக்கமான செயலுக்கு வெறும் ‘ப’ என்று தொடக்கத்தில் கொள்ளலாம்.

2008-இல் சிரியப் பேச்சில் ஒலிச்சேர்க்கை செய்யப்பட்ட துருக்கித் தொடர் ஒன்று அரபு நாடுகளெங்கும் பெரும் வரவேற்பைப் பெற்றதிலிருந்து, மொராக்கோ உள்ளிட்ட மேற்குப் பகுதியாகிய மக்ரிப் முதல் வளைகுடா வரை இந்தப் பேச்சு காதுக்குப் பழகிவிட்டது. ஃபுஸ்ஹா தெரிந்த ஒருவர் மிகக் குறைந்த முயற்சியில் பேச்சுக்கு இறங்கிவர விரும்பினால், எகிப்தைக் காட்டிலும் ஷாமே நல்ல படிக்கட்டு என்பேன். ‘மா’ என்ற ஒற்றை மறுப்பும், பெயருக்கு முன் வரும் சுட்டும், முன்னே நிற்கும் வினாச்சொல்லும் அவர் ஏற்கெனவே அறிந்தவை.

## வளைகுடா அரபு

தமிழரில் பெரும்பாலோர் போகும் இடம் என்பதால் இங்கே சற்று நிற்க வேண்டும்.

அமைப்பளவில் இது ஷாமுக்கு அருகில் இருக்கிறது: ‘மா’ வினையை மறுக்கும், ‘மூ’ அல்லது அமீரகத்தில் ‘மூப்’ பெயரை மறுக்கும், வினாச்சொல் முன்னே வரும். நடந்துகொண்டிருக்கும் செயலுக்கு ‘உட்கார்ந்திருப்பவன்’ என்று பொருள்படும் ‘காஇத்’ துணையாக வருவது, நாம் ‘எழுதிக்கொண்டிருக்கிறேன்’ என்பதில் ‘இரு’ என்னும் வினையைத் துணைக்கு அழைப்பதை நினைவூட்டும். குவைத்தில் ‘இருக்கிறது, இல்லை’ என்பதற்கு ஈராக்கைப் போல ‘அகூ, மாகூ’ என்பதும் வழங்கும்.

இப்போது ‘ப’ முன்னொட்டுக்கு வருகிறேன். எகிப்திலும் ஷாமிலும் ‘பரூஹ்’ என்றால் வழக்கமாகப் போகிறேன் என்று பொருள். துபாயிலோ தோஹாவிலோ அதே ‘பரூஹ்’ போவேன், போகப் போகிறேன் என்றாகும். எகிப்திய முறையில் ஓராண்டு பழகிய ஒருவர், தம் பணியைப் பற்றி ‘நான் நாள்தோறும் கிடங்கைச் சரிபார்க்கிறேன்’ என்று அமீரக மேலதிகாரியிடம் சொல்ல, அவர் ‘இனிமேல்தான் சரிபார்க்கப் போகிறாயா?’ என்று எடுத்துக்கொள்ள இடமுண்டு. சொல் புரியாவிட்டால் மறுபடி கேட்பார்கள். இங்கே சொல் புரிகிறது, காலம் மாறிப் புரிகிறது. ஆகையால் பிழை நிகழ்ந்ததே இருவருக்கும் தெரியாமல் போய்விடும்.

சவூதியில் இது இன்னும் சிக்கலானது. ஜித்தா, மக்கா, மதீனா அடங்கிய ஹிஜாஸ் நகரப் பேச்சில் ‘ப’ நிகழ்காலத்தையும் ‘ஹ’ எதிர்காலத்தையும் காட்டும். அதாவது கெய்ரோவுக்கு நெருக்கம். ரியாத் உள்ளிட்ட நஜ்துப் பகுதியிலோ ‘ப’ எதிர்காலத்துக்குரியது. எனவே உம்ரா, ஹஜ் பணியோடு தொடர்புடையவர் ‘சவூதி அரபு’ என்ற பெயரில் எதையோ கற்காமல், ஹிஜாஸ் வழக்கையோ எகிப்து வழக்கையோ கற்பதே பொருந்தும்.

மதரஸாவில் பயின்றவருக்கு நஜ்து ஓர் இன்ப அதிர்ச்சி தரும். பிற நகரங்களில் மறைந்துபோன பெண்பால் பன்மை வினை அங்கே இன்னும் உயிரோடிருக்கிறது. பெயரின் ஈற்றில் ‘ன்’ ஒலி சேரும் தன்வீனின் எச்சமும் ‘பேதின் கபீர்’ (பெரிய வீடு) போன்ற தொடர்களில் காதில் விழும்.

இவ்வழக்கைக் கற்பதன் செலவு பாடநூலும் திரைப்படமும் எகிப்து அளவுக்குக் கிடைக்காமை. கூடவே வேறோர் உண்மையும் உண்டு: அமீரகம், கத்தார், குவைத் ஆகிய நாடுகளில் வாழ்வோரில் பெரும்பான்மையினர் வெளிநாட்டவர். அலுவலகத்தில் உங்களோடு அரபு பேசுபவர் எகிப்தியராகவோ சிரியராகவோ ஜோர்டானியராகவோ சூடானியராகவோ இருக்கக்கூடும். அரசு அலுவலகம், காவல் துறை, உள்ளூர்க் குடும்பம், உள்ளூர் முதலாளி ஆகியோரிடம் நாள்தோறும் பேச வேண்டியவர் தயங்காமல் வளைகுடா அரபையே கற்கலாம். மற்றவர்கள், தம் பணியிடத்தில் யார் அரபு பேசுகிறார் என்று ஒரு வாரம் கவனித்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

## மொராக்கோ அரபு

அல்ஜீரியா, துனிசியா, லிபியா ஆகியவற்றோடு சேர்ந்து மக்ரிப் எனப்படும் மேற்குப் பகுதியின் அடையாளம் ஓர் எழுத்தில் இருக்கிறது. கிழக்கில் ‘நிக்திப்’ என்றால் ‘நாம் எழுத’. மேற்கில் ‘நெக்தெப்’ என்றால் ‘நான் எழுத’, பன்மைக்கு ‘நெகெத்பு’ என்று ஈறு சேர்க்க வேண்டும். ‘ஒரு மனிதன்’ என்பதை ‘வாஹெத் ர்ராஜெல்’, அதாவது ‘ஒன்று அந்த மனிதன்’ என்று சொல்வதும் இங்கே உண்டு. மறுப்பில் எகிப்தைப் போல ‘மா... ஷ்’ வந்தாலும், ‘ஒன்றும்’ என்ற பொருளில் ‘வாலு’ வந்தால் ‘ஷ்’ விலகிக்கொள்ளும்: ‘மா ஷெஃப்த் வாலு’, ‘நான் ஒன்றும் பார்க்கவில்லை’.

மொராக்கோவில் வாழவோ படிக்கவோ போகாதவர் இதைத் தொட வேண்டியதில்லை. மொராக்கோக்காரர் கிழக்கத்தியரோடு பேசும்போது தம் பேச்சைத் தளர்த்திக் கிழக்குப் பக்கம் நகர்த்திக்கொள்வார். கிழக்கத்தியர் அந்த அளவுக்கு மேற்கு நோக்கி நகர்வதில்லை.

## வேலையிடக் கலப்பு அரபு

இதையும் ஒரு தேர்வாக எண்ணியே பலர் வாழ்கிறார்கள் என்பதால் விட்டுவிட மனமில்லை. ‘அனா மாஃபி ரூஹ்’, ‘இன்த வேன் ரூஹ்?’, ‘அம்ஸ் அனா ரூஹ்’ ஆகியவற்றில் வினை எதற்கும் மாறுவதில்லை. காலத்தை ‘நேற்று’, ‘நாளை’ என்னும் சொற்கள் சுமக்கின்றன. எல்லா மறுப்புக்கும் ‘மாஃபி’. தெற்காசியத் தொழிலாளரும் அரபு முதலாளிகளும் தமக்கிடையில் வளர்த்தெடுத்த இதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு; மொழியியலார் இதைத் தனியே ஆராய்ந்திருக்கிறார்கள். சில வாரங்களில் வசப்படும், உயிர் காக்கவும் உதவும்.

செலவு மரியாதையில் இருக்கிறது. ‘ரூஹ்’ என்பது உண்மையில் ஆணுக்கு இடும் கட்டளை: ‘போ’. மூத்த பெண்மணி ஒருவரிடம் அதையே சொல்லும்போது பாலும் தவறுகிறது, பணிவும் தவறுகிறது. கேட்பவர் பெருந்தன்மையாகப் பொறுத்துக்கொள்வதோடு, தாமும் அதே உடைந்த மொழியில் திருப்பிப் பேசத் தொடங்கிவிடுகிறார். அதன் பின் அவர் வாயிலிருந்து சரியான வாக்கியம் உங்கள் காதில் விழாது, கற்கும் வழியே அடைபடுகிறது. கட்டட வேலைத் தங்குமிடங்களில் இருப்போரைக் காட்டிலும், குவைத், சவூதி வீடுகளுக்குள் பணிபுரியும் பெண்கள் நல்ல அரபு பேசுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அந்த வீட்டார் தமக்குள் பேசிக்கொள்ளும் முழு வாக்கியங்கள் நாள் முழுவதும் அவர்கள் காதில் விழுகின்றன.

## ஏற்கெனவே ஒன்றைக் கற்றுவிட்டவருக்கு

எகிப்திலிருந்து வளைகுடாவுக்கு மாறுபவர் சொற்பட்டியலைக் கையில் எடுக்கும் முன் மூன்று இடங்களைத் திருத்திக்கொள்ள வேண்டும்: ‘ப’ முன்னொட்டை நிகழ்காலத்திலிருந்து எடுத்துவிடுவது, ‘ஷ்’ ஈற்றை உதறுவது, வினாச்சொல்லை முன்னே கொண்டுவருவது. முதலாவதை ஓரிரு வாரம் அதற்கென்றே ஒதுக்கிப் பழக வேண்டும், ஏனெனில் மற்ற இரண்டிலும் தவறினால் ‘எகிப்தில் கற்றவர் போலும்’ என்று கேட்பவர் புன்னகைப்பார். இதில் தவறினால், நாள்தோறும் செய்துவரும் வேலையை இன்னும் தொடங்கவில்லை என்று நீங்களே வாயால் சொன்னதாக ஆகிவிடும். ஷாமிலிருந்து மாறுபவருக்குச் சுமை குறைவு. அவருக்கும் அந்த ‘ப’ ஒன்றுதான் பொறி.